புதைந்த கேபிளை லொக்கேட்டர் சரியாகக் காட்டாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

மண்ணுக்குள் கிடக்கும் மின் கேபிளையும் இரும்புக் குழாயையும் தேடும் கருவியை நம் ஊரில் கேபிள் லொக்கேட்டர் என்றும் ரூட் டிரேசர் என்றும் சொல்கிறோம். கையில் பிடித்து நடக்க ஒரு ரிசீவர், கேபிளில் சிக்னலைச் செலுத்த ஒரு டிரான்ஸ்மிட்டர், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள், ஓர் எர்த் கம்பி, கேபிளைச் சுற்றிக் கவ்வ ஒரு கிளாம்ப் ஆகியவை ஒரே பெட்டியில் வரும். "கருவி பழுதாகிவிட்டது, வந்து பாருங்கள்" என்று என்னை அழைத்த இடங்களில் பெரும்பாலும் கருவியில் ஒரு குறையும் இருந்ததில்லை. கறுப்பு வயரை மாட்டிய இடத்திலோ எர்த் கம்பியை ஊன்றிய இடத்திலோதான் தவறு இருந்தது. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலிலும், செலவு பிடிக்கும் சோதனையை அடுத்தும், ஆளை அழைக்க வேண்டிய கட்டத்தைக் கடைசியிலும் வைத்து எழுதியிருக்கிறேன்.

## கருவியைக் கையில் எடுக்கும் முன்

மின்சாரம் ஓடும் கேபிளின் கோரில் (உள்ளே மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பியில்) டிரான்ஸ்மிட்டர் வயரை மாட்டவே கூடாது. சப்ளையை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதியான லைன் கிளியரை வாங்கி, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்து, கோரில் தேங்கிய மின்னேற்றத்தை எர்த் செய்து இறக்கிய பிறகே மாட்ட வேண்டும். நீளமான 11 கே.வி. (கிலோவோல்ட்) கேபிள், சப்ளையை நிறுத்திய பின்னும் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்னேற்றத்தை வைத்திருக்கும். இந்த வேலை அதற்கு அனுமதி பெற்ற மின்வாரியப் பணியாளருடையது. லொக்கேட்டர் வைத்திருப்பவருடையது அன்று.

பழைய வரைபடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். தோண்டுவதற்கு முன் அந்த இடத்தில் கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் அனுப்ப, 2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு தொடங்கிய 'கால் பிஃபோர் யு டிக்' செயலியும் இருக்கிறது. அதன் பிறகு, பாதை நன்றாகத் தெரிந்த ஒரு கேபிளின் மேல், உங்கள் அலுவலக வாசலில் இருப்பதாக இருந்தாலும் போதும், ரிசீவரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அங்கே சரியாகக் காட்டினால் கருவி நலமாக இருக்கிறது என்று கொண்டு கீழே செல்லலாம். அங்கேயும் தவறினால், பேட்டரியை மாற்றிப் பார்த்த பிறகு கருவியைச் சர்வீசுக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி 1: நேரடியாக மாட்டியும் சிக்னலே இல்லை

முதலில் டிரான்ஸ்மிட்டரின் திரையைப் பாருங்கள். இப்போதுள்ள பெரும்பாலான கருவிகள் கேபிளில் எத்தனை மில்லி ஆம்பியர் செல்கிறது என்பதை எண்ணாகவே காட்டும். பழைய கருவிகளில் இணைப்பு நன்றாக அமைந்தால் ஒலி மாறும். இதை வைத்து வழி இரண்டாகப் பிரிகிறது.

### எண் நன்றாக இருக்கிறது, ரிசீவர் மட்டும் ஊமையாக இருக்கிறது

இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் இருக்க வேண்டும்; டிரான்ஸ்மிட்டர் 33 கிலோஹெர்ட்ஸிலும் ரிசீவர் 8 கிலோஹெர்ட்ஸிலும் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நானே அரை மணி நேரம் இப்படி நடந்திருக்கிறேன். அடுத்து, ரிசீவரின் கீழ்ப்பகுதியான தட்டையான அலகு கேபிளுக்குக் குறுக்காக இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளுக்கு இணையாகப் பிடித்தால் நேர் மேலே நின்றாலும் ஒன்றும் கேட்காது; எனவே நின்ற இடத்திலேயே கருவியைச் சுழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டும் சரி என்றால் சந்தேகம் கறுப்பு வயரின் மேல் விழ வேண்டும். சிவப்பு வயரைக் கோரிலும் கறுப்பு வயரை அதே கேபிளின் உலோகக் கவசமான ஆர்மரிலும் மாட்டியிருந்தால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே கேபிளுக்குள் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழித்துவிடும். டிரான்ஸ்மிட்டர் திரையில் எண் அருமையாக இருக்கும். தரைக்கு மேலே ஒன்றுமே இருக்காது. கறுப்பு வயரை ஆர்மரிலிருந்து கழற்றித் தனியாக ஊன்றிய எர்த் கம்பியில் மாட்டுங்கள். ஆர்மர் இரு முனைகளிலும் எர்த் ஆகியிருந்தால், சிக்னலின் ஒரு பகுதி அதன் வழியே திரும்பிக்கொண்டேதான் இருக்கும். கேபிள் செயலில் இல்லாத நேரத்தில் அந்த எர்த் இணைப்பைத் தற்காலிகமாகக் கழற்ற மின்வாரியத்தாரையோ தொழிற்சாலையின் எலக்ட்ரிக்கல் பொறுப்பாளரையோ கேட்க வேண்டும். நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

### எண்ணே மிகக் குறைவாக இருக்கிறது

சிவப்பு, கறுப்பு இரண்டின் கிளிப்புகளையும் ஒன்றோடொன்று கடித்துப் பிடிக்கவைத்து எண் உயர்கிறதா என்று பாருங்கள். உயரவில்லை என்றால் வயருக்குள் செம்பு அறுந்திருக்கிறது. கிளிப்புக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் அறும். உயர்ந்தால் வயர் நலம். கிளிப் கடிக்கும் இடத்தில் துருவையும் பெயின்டையும் அரத்தால் சுரண்டிப் பளபளப்பான உலோகம் தெரியச் செய்யுங்கள்.

அடுத்து எர்த் கம்பி. சென்னைக்கு மேற்கே ஒரு தொழிற்பேட்டையில், மே மாத நடுப்பகலில், மூன்று பேர் காலையிலிருந்து ஒரு கேபிளைத் தேடிக் களைத்திருந்தார்கள். கம்பியைச் செம்மண் மேட்டில் ஒரு சாண் ஆழத்துக்கு ஊன்றியிருந்தார்கள். மண் செங்கல் போல் காய்ந்திருந்தது. திரையில் 4 மில்லி ஆம்பியர். கம்பியைப் பிடுங்கி, பக்கத்துக் குழாயடியில் எப்போதும் நீர் சொட்டி ஈரமாக இருந்த இடத்தில் முழு நீளத்துக்கும் அடித்து இறக்கி, இரண்டு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து ஊற்றினோம். எண் 40-ஐத் தாண்டியது. அந்தக் கேபிளின் பாதையை அதற்குப் பிறகு இருபது நிமிடத்தில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு முடித்தோம்.

கம்பியைக் கேபிள் போகும் திசைக்குச் செங்குத்தாக, வயர் நீளம் விடும் அளவுக்குத் தள்ளி ஊன்ற வேண்டும். இடையில் வேறு குழாயோ கேபிளோ குறுக்கிட்டால் சிக்னல் அதில் ஏறிக்கொள்ளும்.

எர்த் நன்றாக அமைந்தும் எண் ஏறவில்லை என்றால் கேபிளின் எதிர்முனை காற்றில் திறந்து கிடக்கலாம். எதிர்முனையில் அதே கோரை எர்த் செய்தால் 512 ஹெர்ட்ஸும் 8 கிலோஹெர்ட்ஸும் நெடுந்தூரம் போகும். எதிர்முனைக்குப் போக வழியே இல்லை என்றால் 33 அல்லது 65 கிலோஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். இவை திறந்த முனையிலும் ஓரளவு ஓடும், ஆனால் பக்கத்துக் கேபிளில் எளிதில் தொற்றும். அப்போதும் எண் அசையவில்லை என்றால் கேபிள் அருகிலேயே அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். இனி, இன்சுலேஷனை அளக்கும் மெக்கரும் அறுந்த இடத்தின் தூரத்தைக் காட்டும் டி.டி.ஆர். கருவியும் கொண்டு கேபிள் ஃபால்ட் பார்ப்பவர் வர வேண்டும்.

### கிளாம்ப் போட்டால் மட்டும் சிக்னல் வரவில்லை

கிளாம்பின் இரு தாடைகளும் முழுதாக மூடிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு மண் துகள் இருந்தாலும் சிக்னல் பாதியாகிவிடும். தெருவோர மின் பெட்டியான பில்லர் பாக்ஸுக்குள் கேபிளின் எர்த் இணைப்பு இருக்கும் இடத்துக்குக் கீழே, கேபிள் மண்ணுக்குள் இறங்கும் பக்கத்தில் கிளாம்பைப் போட வேண்டும். கேபிளைப் பெட்டியில் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டுக்கு மேலே கோர்களைச் சுற்றிப் போட்டால் பயனில்லை. மின்சாரம் ஓடும் பில்லர் பாக்ஸுக்குள் கை விடுவது எலக்ட்ரீஷியன் வேலை என்பதை மறக்க வேண்டாம்.

## அறிகுறி 2: எங்கே நடந்தாலும் சிக்னல்

தெரு முழுவதும் ஒலிக்கிறது, எது நம் கேபிள் என்று தெரியவில்லை. எனக்கு மிக அதிகமாக வந்த புகார் இதுதான்.

முதலில் ரிசீவரின் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, குறையுங்கள். கேபிளுக்கு மேலே நிற்கும்போது அளவுகோல் பாதி நிறையும்படி வைத்துக்கொண்டால் உச்சம் எங்கே என்று தெரியும்; முழுதாக நிறைந்த அளவுகோலில் எல்லா இடமும் உச்சம்தான்.

டிரான்ஸ்மிட்டரை எதிலும் மாட்டாமல் தரையில் வைத்து இண்டக்‌ஷன் முறையில் தேடுகிறீர்கள் என்றால், அதிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளிப்போன பிறகே நம்புங்கள். அதற்குள் ரிசீவர் கேட்பது காற்று வழியே நேராக வரும் சிக்னல். சந்தேகம் இருந்தால் ரிசீவரை மண்ணிலிருந்து தூக்கி டிரான்ஸ்மிட்டரை நோக்கித் திருப்பிப் பாருங்கள். சிக்னல் கூடினால் கேபிளிடமிருந்து வரவில்லை. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தின் மேலோ இரும்பு மேன்ஹோல் மூடியின் மேலோ டிரான்ஸ்மிட்டரை வைத்தால், அந்த இரும்பே சிக்னலைக் குடித்துவிட்டு எல்லாப் பக்கமும் பரப்பும்.

நேரடி இணைப்பில் இந்தத் தொல்லை வந்தால், கறுப்பு வயர் பேனலின் எர்த் பட்டையில் மாட்டப்பட்டிருக்கும். அந்தப் பட்டையில் எல்லாக் கேபிள்களின் ஆர்மரும் சேர்ந்திருப்பதால் சிக்னல் ஒவ்வொன்றிலும் ஏறித் திரும்பும். வேலிக் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் எர்த்தாகப் பயன்படுத்தினாலும் இதே கதைதான். தனிக் கம்பிக்கு மாறி, பிறகு அதிர்வெண்ணை 65-லிருந்து 8 கிலோஹெர்ட்ஸுக்கும், முடிந்தால் 512 ஹெர்ட்ஸுக்கும் இறக்குங்கள். அதிர்வெண் குறையக் குறையப் பக்கத்துக் கேபிளில் தொற்றுவதும் குறையும்.

இதற்குப் பிறகும் இரண்டு மூன்று கேபிள்கள் ஒலித்தால், ரிசீவரில் மின்னோட்டம் காட்டும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஆழம் குறைந்த பக்கத்துக் கேபிள் தொற்றிய சிக்னலிலேயே உரக்க ஒலிக்கும். நீங்கள் சிக்னல் ஏற்றிய கேபிள் ஆழத்தில் கிடந்து மெல்ல ஒலிக்கும். ஒலியை வைத்துத் தேர்ந்தால் தவறான கேபிளைத் தேர்வீர்கள். மின்னோட்டம் எதில் அதிகமோ அதுவே நம் கேபிள். அந்தப் பொத்தான் இல்லாத கருவியை வைத்துக்கொண்டு நெரிசலான சாலையோரத்தில் முடிவு சொல்வதைவிட, ஒரு நாள் வாடகைக்கு நல்ல கருவியை எடுப்பது மேல்.

## அறிகுறி 3: நன்றாக வந்த சிக்னல் ஓரிடத்தில் நின்றுபோகிறது

கடைசியாகச் சிக்னல் கிடைத்த இடத்தில் அடையாளம் வைத்து, அதை மையமாகக் கொண்டு 3 முதல் 5 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் நடந்து வாருங்கள். கேபிள் திரும்பியிருந்தாலோ கிளை பிரிந்திருந்தாலோ வட்டத்தின் எங்கேனும் மறுபடி ஒலிக்கும். வட்டத்தில் ஒரே இடத்துக்குள் சிக்னல் சுழன்று தடுமாறினால் அங்கே ஜாயின்ட் இருக்கும். பின்னாளில் மறுபடி ஜாயின்ட் போட வசதியாகக் கேபிளை ஒரு சுற்று விட்டுப் புதைப்பது வழக்கம். அந்தச் சுற்றின் மேல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

வட்டத்தில் ஒன்றும் இல்லை என்றால், எதிரே சாலையைக் கடந்து பாருங்கள். சாலைக்கு அடியில் துளையிட்டுச் செலுத்திய கேபிள் பல மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டு அந்தப் பக்கம் மேலே வரும். அங்கும் இல்லை என்றால் அதிர்வெண்ணை ஒரு படி உயர்த்துங்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் சட்டென்று நின்ற சிக்னல், உயர்ந்த அதிர்வெண்ணில் சிறிது சிறிதாகக் குறைந்து மேலும் போனால், அந்த இடத்தில் கோர் அறுந்திருக்கிறது அல்லது ஜாயின்டில் ஆர்மரின் தொடர்ச்சி விட்டுப்போயிருக்கிறது. இதற்கு மேல் ஃபால்ட் பார்ப்பவர் வேலை.

## அறிகுறி 4: பீக் ஓரிடம், நல் வேறிடம்; ஆழமும் நம்பும்படி இல்லை

பீக் என்பது சிக்னல் உச்சமாகும் இடம், நல் என்பது சிக்னல் இல்லாமல் போகும் இடம். தனிக் கேபிளின் மேல் இரண்டும் ஒரே கோட்டில் விழ வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் குழி போடும் இடத்தில் இரண்டையும் எடுத்துப் பார்க்காமல் சுண்ணாம்பு போடுவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

இடைவெளி 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஏற்கலாம். கூடினால் பக்கத்தில் வேறொன்று சிக்னலை இழுக்கிறது. அப்போது கேபிள் பீக்குக்கும் நல்லுக்கும் நடுவே இருக்கும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. இரண்டும் கேபிளுக்கு ஒரே பக்கத்தில்தான் விலகியிருக்கும், நல் அதிகமாகவும் பீக் குறைவாகவும். எனவே பீக்கிலிருந்து நல்லுக்கு எதிர்த்திசையில், இடைவெளியில் பாதி தூரம் தள்ளிக் கேபிளைத் தேட வேண்டும். இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றால் பீக்கைத் தாண்டி 10 சென்டிமீட்டர்.

ஆழத்துக்கு இரண்டு சோதனைகள், இரண்டுக்கும் செலவில்லை. முதலாவது, ரிசீவரைத் தரையில் வைத்து ஆழம் எடுத்துவிட்டு, சரியாக 50 சென்டிமீட்டர் உயர்த்திப் பிடித்து மறுபடி எடுங்கள். 0.90 என்று காட்டியது 1.40 என்று ஆக வேண்டும். 1.25 என்றோ 1.70 என்றோ வந்தால் அந்த இடத்தின் ஆழம் பொய். இரண்டாவது, பாதையோடு முன்னும் பின்னும் சில அடி நடந்து எடுங்கள். காரணமில்லாமல் எண் தாவக் கூடாது. வளைவிலிருந்தும் கிளையிலிருந்தும் 5 மீட்டருக்குள், இண்டக்‌ஷன் முறையில் டிரான்ஸ்மிட்டரிலிருந்து 30 மீட்டருக்குள் ஆழமே எடுக்க வேண்டாம்.

எண் வழக்கத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஐ.எஸ். 1255 என்னும் இந்தியத் தரநிலை, தாழ்வழுத்தக் கேபிளின் மேற்பரப்பு தரைக்குக் கீழே குறைந்தது 0.75 மீட்டரிலும், 3.3 முதல் 11 கே.வி. வரையிலான கேபிள் 0.90 மீட்டரிலும், 22, 33 கே.வி. கேபிள்கள் 1.05 மீட்டரிலும் இருக்க வேண்டும் என்கிறது. சாலையை அடுத்தடுத்து உயர்த்திய இடத்தில் இதைவிட ஆழமாகவும், நடைபாதைக்காக மண்ணை வழித்த இடத்தில் ஒரு சாண் ஆழத்திலும் கேபிளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தரநிலையைச் சந்தேகம் எழுப்ப மட்டும் பயன்படுத்த வேண்டும், ஆழத்தை முடிவுசெய்ய அன்று.

கருவி சொல்லும் ஆழம் மையத்துக்கானது. 600 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புக் குழாயின் முதுகு அந்த எண்ணைவிட 30 சென்டிமீட்டர் மேலேயே வந்துவிடும். இணையாகக் கிடக்கும் இரண்டு கேபிள்களில் ஒரே திசையில் சிக்னல் ஓடினால் கருவி ஆழத்தைக் கூட்டிக் காட்டும். இதுதான் ஆபத்தான பிழை, ஏனென்றால் "இன்னும் அரை மீட்டர் இருக்கிறது" என்று ஜேசிபிக்காரர் வாளியை இறக்குவார். இரு சோதனைகளில் எது தவறினாலும் அங்கே இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டுங்கள்.

## அறிகுறி 5: பவர் மோடில் ஒன்றும் இல்லை

டிரான்ஸ்மிட்டர் இல்லாமல், கேபிளில் ஓடும் 50 ஹெர்ட்ஸை மட்டும் கேட்கும் முறை இது. ஒலி வரவில்லை என்பதால் கேபிள் இல்லை என்று எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தெருவிளக்குக் கேபிளைப் பகல் பதினொரு மணிக்குத் தேடினால் எப்படிக் கேட்கும்? மாலையில் விளக்கு எரியும்போது வந்து பாருங்கள். சுமை இல்லாத கேபிளும், மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இருக்கும் கேபிளும் இதே போல் அமைதியாக இருக்கும். மின்னழுத்தம் மட்டும் முழுதாக இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தண்ணீர்க் குழாயில் வீடுகளின் எர்த் வழியே கசியும் மின்னோட்டம் ஓடினால் குழாயும் மின் கேபிள் போல் ஒலிக்கும்.

ரேடியோ மோடையும் சேர்த்து ஓட்டுங்கள். தொலைவிலுள்ள மிகத் தாழ்ந்த அதிர்வெண் நிலையங்களின் அலைகள் நீண்ட உலோகக் கம்பிகளில் ஏறி மறுபடி வெளிப்படுவதை அது பிடிக்கிறது. நீர்மூழ்கிகளோடு பேசத் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படை வைத்திருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புவது இந்த வகை அலைதான். இரண்டு மோடிலும் அமைதி என்றால், டிரான்ஸ்மிட்டர் இல்லாமல் முடிவு சொல்ல வேண்டாம்.

## அறிகுறி 6: குழாய் தென்படவே இல்லை

பி.வி.சி., எச்.டி.பி.இ., எரிவாயுவுக்குப் போடும் எம்.டி.பி.இ. ஆகிய பிளாஸ்டிக் குழாய்களை எந்த லொக்கேட்டரும் காட்டாது; உலோக ஆர்மர் இல்லாத ஃபைபர் கேபிளும் அப்படித்தான். முதலில் வால்வு சேம்பரைத் திறந்து, குழாயோடு சேர்த்துப் புதைத்த டிரேசர் வயர் வெளியே தலைநீட்டுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் டிரான்ஸ்மிட்டரை மாட்டினால் வேலை முடிந்தது.

வயர் இல்லாத கழிவுநீர்க் குழாயிலும் காலி டக்டிலும் சோண்டு என்னும் சிறு டிரான்ஸ்மிட்டரைக் கோலின் நுனியில் கட்டித் தள்ளலாம். சோண்டைத் தேடும்போது ரிசீவரின் அலகைக் குழாய்க்குக் குறுக்காகப் பிடிக்காமல் அதன் நீளவாக்கில் பிடிக்க வேண்டும். உண்மையான உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு பொய் உச்சங்கள் வரும். மூன்றையும் கண்டு நடுவில் இருப்பதை எடுங்கள்.

குழாய் டி.ஐ. (டக்டைல் அயர்ன்) வகை என்றால், இரும்பாக இருந்தும் ஒவ்வொரு மூட்டிலும் ரப்பர் வளையம் மின்தொடர்பை அறுத்துவிடும். 65 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் வைத்துப் பாருங்கள். சில மூட்டுகளைத் தாண்டும். எரிவாயுவின் எஃகுக் குழாயில், மின்தொடர்பைத் துண்டிக்கப் போடும் இன்சுலேட்டிங் ஜாயின்டுக்கு அப்பால் சிக்னல் போகாது. ஆனால் அது எரிவாயு என்று தெரிந்த நொடியிலேயே நிறுவனத்தின் ஆளை அழைத்துவிட வேண்டும். அவர் வந்து நிற்காமல் ஒரு கூடை மண்ணையும் எடுக்க வேண்டாம்.

## அறிகுறி 7: ஜி.பி.ஆர். படம் மங்கலாக இருக்கிறது

ரேடியோ அலையை மண்ணுக்குள் செலுத்திப் படம் காட்டும் ஜி.பி.ஆர். கருவியைப் பிளாஸ்டிக் குழாய்க்காக வாடகைக்கு வரவழைப்பதற்கு முன், அந்த இடத்தில் ஒரு கைப்பிடி மண்ணைப் பிசைந்து பாருங்கள். உருண்டையாகத் திரண்டால் களிமண். ஈரக் களிமண்ணிலும் உப்புநீர் ஊறிய மண்ணிலும் அலை வெகு விரைவில் அடங்கிவிடும். ஒரு மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாமல் போகலாம். காய்ந்த மணலில் அதே கருவி அழகாகக் காட்டும். எனவே களிமண் பகுதியில் மழை முடிந்த கையோடு பணம் கட்ட வேண்டாம்.

## அறிகுறி 8: குறித்த இடத்தில் தோண்டியும் கேபிள் இல்லை

குழியை உடனே ஆழப்படுத்தாதீர்கள். ஆட்களை வெளியே வரச் சொல்லிவிட்டு, ரிசீவரைக் குழியின் அடியில் வைத்து மறுபடி ஆழம் எடுங்கள். 60 சென்டிமீட்டர் தோண்டியிருந்தால் எண்ணும் 60 குறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தால் கேபிள் கீழேதான் இருக்கிறது; பொறுமையாகத் தொடரலாம். குறையவில்லை என்றால், அறிகுறி 4-இல் சொன்னபடி நல்லுக்கு எதிர்த்திசையில் குழியை அகலப்படுத்துங்கள்.

கடப்பாரையை நேர் கீழே குத்த வேண்டாம்; மண்வெட்டியால் பக்கவாட்டில் சீவி எடுங்கள். மண்ணின் நிறம் மாறி ஆற்றுமணல் தெரிந்தாலோ, வரிசையாகப் பதித்த செங்கல் தட்டுப்பட்டாலோ, கேபிள் ஒரு சாணுக்குள் இருக்கிறது. இரும்புக் கருவிகளை மேலே வைத்துவிட்டுக் கையாலும் சிறு கரண்டியாலும் மண்ணை அகற்றுங்கள். இரு பக்கமும் அரை மீட்டர் அகலப்படுத்தியும் கிடைக்கவில்லை, கேபிளோ 11 கே.வி. அல்லது அதற்கு மேல் என்றால், குழியைச் சுற்றித் தடுப்புக் கட்டிவிட்டு மின்வாரியத்தின் கேபிள் பிரிவை அழையுங்கள். அவர்கள் சப்ளையை நிறுத்திக் கோரிலேயே சிக்னல் ஏற்றித் தரும்வரை அந்தக் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது.